அலுவலகத்தில் கேஷுவல் உடை: விதியை எப்படிப் புரிந்துகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையின் சரவணம்பட்டியிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்கள், சம்பளத்தைப் பற்றியும் விடுப்பைப் பற்றியும் ஷிப்ட் நேரத்தைப் பற்றியும் தயக்கமில்லாமல் கேட்கிறார்கள். "நாளைக்கு என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும், மேடம்?" என்ற கேள்வியை மட்டும் கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். மனிதவளப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் நான், அந்தக் கதவருகில் பதில் சொன்னவற்றையும், அவசரத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பணி நியமனக் கடிதத்தில் "பிசினஸ் கேஷுவல், வெள்ளிக்கிழமை கேஷுவல்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

ஃபார்மல் என்றால் ஆண்களுக்கு முழுக்கைச் சட்டையை இன் செய்து, பெல்ட்டும் தோல் ஷூவும் அணிவது. பெண்களுக்குச் சேலை, துப்பட்டாவுடன் சுடிதார், அல்லது சட்டையும் பேன்ட்டும். பிசினஸ் கேஷுவல் என்றால் டையும் கோட்டும் வேண்டாம், ஆனால் சட்டைக்குக் காலர் வேண்டும், பேன்ட் ஜீன்ஸாக இல்லாமல் காட்டன் பேன்ட்டாக இருப்பது நல்லது; குர்தி தாராளமாக அணியலாம். வெள்ளிக்கிழமைக் கேஷுவலில் ஜீன்ஸ், காலர் இல்லாத டீ-ஷர்ட், கேன்வாஸ் ஷூ ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கு நடுவே "ஸ்மார்ட் கேஷுவல்" என்று ஒன்றும் உண்டு. அது நல்ல ஜீன்ஸும் இஸ்திரி போட்ட சட்டையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்கள் குழப்பினால், நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பாகுபாட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் உடுத்துவது வேறு, தெருமுனைக் கடைக்குப் போக மாற்றிக்கொள்வது வேறு, உறவினர் வீட்டுக்குப் போகும்போது உடுத்துவது வேறு, கல்யாணத்துக்கு உடுத்துவது வேறு என்பதை யாரும் நமக்கு எழுதித் தந்ததில்லை. அம்மா ஒரு பார்வை பார்த்தே சொல்லிக்கொடுத்தார். அலுவலகக் கேஷுவல் என்பது, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது உடுத்துவது. கடைக்குப் போகும் உடையோடு அதைக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சங்கடங்கள் வருகின்றன.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

வெயிலிலிருந்து வந்தது என்று சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஆடைத் தொழில் செய்தவர்கள் 1962ஆம் ஆண்டு, அங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு பூப்போட்ட அலோஹா சட்டைகளைக் கொடுத்து, கோடையில் கோட்டும் டையும் இல்லாமல் வேலைக்கு வர வழிசெய்யுங்கள் என்று கேட்டார்கள். தங்கள் சட்டைகள் விற்க வேண்டும் என்பதும் அவர்கள் நோக்கம்தான். 1966இல் அது "அலோஹா வெள்ளி" என்ற வழக்கமாக நிலைபெற்று, பின்னர் கலிபோர்னியா வழியாக அமெரிக்கா முழுவதும் பரவியது. 1992ஆம் ஆண்டு ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம், அலுவலகத்துக்கேற்ற கேஷுவல் உடை எது என்று விளக்கும் எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை ஏறத்தாழ 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. எங்கள் துறையில் இன்றும் புழங்கும் "காலர் வேண்டும், கிழிசல் கூடாது, காக்கி பேன்ட் நல்லது" என்ற விதிகளில் அந்தக் கையேட்டின் சாயல் தெரிகிறது. ஜப்பானில் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சகம் கோடையில் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, அதற்கு ஈடாகக் கோட்டையும் டையையும் கழற்றச் சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் பொதுவெளியில் தோன்றினார். நம் நாட்டில் இன்ஃபோசிஸ் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வாரம் முழுவதும் பிசினஸ் கேஷுவலில் வரலாம் என்று அனுமதித்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெயிலுக்காகவும் உடலின் சௌகரியத்துக்காகவும் தளர்த்தப்பட்ட ஒரு விதி, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சென்னையில், ஒருவரைக் கூனிக் குறுக வைக்கும் விதியாக மாறக் கூடாது. விதி எப்போதெல்லாம் குழப்பம் தருகிறதோ அப்போதெல்லாம், அது யாருடைய எந்தத் தேவைக்காக வந்தது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். எந்திரத்தில் துணி மாட்டக் கூடாது என்பது ஒரு தேவை. வாடிக்கையாளர் நம்மை நம்ப வேண்டும் என்பது இன்னொரு தேவை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் நிம்மதியாக வேலை செய்ய வேண்டும் என்பதும் தேவையே. மேலாளர் ஒருவருக்கு ஒரு நிறம் பிடிக்காது என்பது தேவையாகாது.

முதல் நாள் என்ன உடுத்துவது?

நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி கூடுதலாக உடுத்துங்கள். அதே நேரத்தில், உடம்புக்குப் பழகிய உடையாக இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமையன்று, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி பயிற்சி அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அட்டையிலிருந்து அன்று காலையில்தான் பிரித்த வெளிர்நீலச் சட்டை. மார்பிலும் வயிற்றிலும் கடையின் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. காலருக்குள் ஒரு குண்டூசி எடுக்கப்படாமல் பளபளத்தது. அண்ணனுடைய கல்யாண ஷூ, ஒரு அளவு பெரியது. அறையில் மற்ற முப்பது பேரும் டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நடந்தால் ஷூ சத்தம் போடும் என்பதால் உட்கார்ந்தே இருந்தான் என்பதைப் பிறகு அவனே சொன்னான். "வெள்ளிக்கிழமை எல்லோரும் சாதாரணமாக வருவார்கள், நீங்களும் வரலாம்" என்ற ஒரு வரியை நான் முந்தின நாள் மின்னஞ்சலில் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஆங்கிலத்தில் "ஃப்ரைடே டிரஸ்ஸிங்" என்று போட்டிருந்தேன். அது அவனுக்கு நல்ல உடை உடுத்தி வர வேண்டிய நாள் என்று பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமையை நல்ல நாளாகப் பார்க்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு அப்படித்தான் படும்.

ஆகவே, முதல் நாளைக்குக் கல்லூரியின் கடைசி ஆண்டில் வளாக நேர்காணலுக்கு உடுத்திய உடையே போதும். புதுச் சட்டை வாங்கினால் ஒரு முறை துவைத்து உடுத்துங்கள். முதல் வாரம் உங்கள் மேலாளரையும், உங்களுக்கு ஓராண்டு முன்னால் சேர்ந்தவரையும் கவனியுங்கள். இருவரில் பின்னவரைப் பின்பற்றுவதுதான் நல்லது. மூத்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகை புதியவர்களுக்கு எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை.

எந்த மாதிரி டீ-ஷர்ட் அணியலாம்?

வெளுக்காத, கழுத்துப் பட்டை தளராத, சுருக்கமில்லாத எந்த டீ-ஷர்ட்டும் கேஷுவல் நாளுக்குப் பொருந்தும். குழப்பம் வருவது அதில் உள்ள எழுத்தினாலும் படத்தினாலும்தான். விளையாட்டு அணியின் பெயர், பிடித்த நடிகரின் முகம், ஊர்ப் பெயர் ஆகியவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெட்ட வார்த்தை எந்த மொழியில் இருந்தாலும் கூடாது. கட்சிக் கொடியோ சின்னமோ உள்ளதை அலுவலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சாதியைக் காட்டும் படமோ, பட்டப்பெயரோ, நிறச் சேர்க்கையோ உள்ள உடையில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் அடுத்த சில ஆண்டுகளில் நம் அலுவலகங்களுக்கு வருகிறார்கள். பக்கத்து இருக்கையில் உட்காருபவர் நம் சட்டையைப் பார்த்து நம் சாதியையும், அதனால் தன் இடத்தையும் கணக்குப் போட வேண்டிய நிலை ஓர் அலுவலகத்தில் வரவே கூடாது. உடை விதியில் இது எழுதப்படாமல் இருந்தாலும், எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கிழிந்த ஜீன்ஸ்?

கடையிலேயே கிழித்து விற்றதாக இருந்தாலும் வேண்டாம். முழங்காலில் லேசாக நூல் பிரிந்திருப்பதைப் பல இடங்களில் பொருட்படுத்துவதில்லை என்றாலும், முதல் ஆறு மாதம் அந்தப் பரிசோதனையில் இறங்காதீர்கள்.

ஆண்கள் செருப்பு அணிந்து வரக் கூடாது என்கிறார்கள். பெண்கள் அணியலாம் என்கிறார்கள். இது நியாயமா?

நியாயமில்லை என்பதே என் கருத்து. பெண்ணின் திறந்த சாண்டல் அலுவலகத்துக்குப் பொருந்தும் என்றால், அதே அளவு நேர்த்தியுள்ள, பின்பட்டை வைத்த ஆணின் தோல் சாண்டலும் பொருந்த வேண்டும். குளியலறைக்குப் போடும் ரப்பர்ச் செருப்பை இருவரும் தவிர்க்கலாம். ஆனாலும் பெரும்பாலான அலுவலகங்களில் எழுதப்பட்ட விதி இன்னும் ஆண்களுக்கு ஷூ என்றே இருக்கிறது; அது மாறும் வரை அதை மதித்து நடந்துகொண்டு, மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மழைக்காலம் இதற்கு விலக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் முழங்கால் தண்ணீரில் நடந்து வருபவரிடம் ஷூ எங்கே என்று கேட்பது மனிதத்தன்மை ஆகாது. நனைந்த ஷூவும் சாக்ஸும் எட்டு மணி நேரம் காலில் இருந்தால் விரலிடுக்கில் புண் வரும். ரப்பர்ச் செருப்பில் வந்து, மேசைக்குக் கீழே வைத்திருக்கும் உலர்ந்த ஷூவை மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. நீரிழிவாலோ வேறு காரணத்தாலோ காலில் புண் உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், செயற்கைக் கால் அணிந்தவர்கள் ஆகியோருக்கு எந்தக் காலத்திலும் விலக்கு உண்டு. அவர்களைக் கேட்க வைக்காமல் மேலாளரே முன்வந்து சொல்ல வேண்டும்.

லெக்கின்ஸ், கையில்லாத குர்தி, துப்பட்டா இல்லாத சுடிதார்: இவை கேஷுவலில் அடங்குமா?

அடங்கும். துணி மெல்லியதாக இருந்து உள்ளாடை தெரியாத வரை, இவற்றில் எதையும் தடுக்கும் நல்ல காரணம் ஒன்றையும் பதினெட்டு ஆண்டுகளில் நான் கேட்டதில்லை. உங்கள் அலுவலக விதி துப்பட்டா கட்டாயம் என்று எழுத்தில் சொன்னால், அது ஃபார்மல் விதி. அதைக் கேஷுவல் நாளுக்கு நீட்டிக்க முடியாது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. சேர்ந்து மூன்று நாளே ஆன ஒரு பெண்ணை, கேஷுவல் நாளன்று, நுழைவாயிலில் காவலர் நிறுத்தி "துப்பட்டா எங்கம்மா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள் அடையாள அட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அரைக்கால் சட்டையில் இருந்தார், அவரை யாரும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் தன் மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார், அதற்குப் பிறகு இரண்டு வாரம் வெயிலிலும் மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். காவலர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரோ வாய்மொழியாக "லேடீஸ் ஒழுங்காக வருகிறார்களா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பெண்ணின் உடையை வாசலில் நின்று அளக்கும் அதிகாரத்தை, எந்தப் பயிற்சியும் தராமல், எழுத்தில் எதுவும் இல்லாமல், அவர் கையில் கொடுத்தது நிர்வாகத்தின் தவறு. அதைத் திருத்த எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஒருவர் உங்கள் உடையைப் பற்றிப் பாலியல் நோக்கில் பேசினால் அது உடை விதிப் பிரச்சினை அல்ல, அந்தக் குழுவுக்குப் போக வேண்டிய புகார். "நீ உடுத்தியது அப்படி" என்ற பதில் அங்கே எடுபடக் கூடாது. உடை விதியை மீறியிருந்தாலும்கூட எடுபடக் கூடாது.

கேஷுவல் நாளில் வேட்டி கட்டிக்கொண்டு வரலாமா?

வரலாம், வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி கட்டிச் சென்றதால், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அதையொட்டி எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடைகளையோ அணிந்தவரை, கிளப்புகள், சங்கங்கள் போன்றவை நடத்தும் பொது இடங்களுக்குள் விட மறுத்தால், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அது பொது இடத்துக்குள் நுழைவதைப் பற்றிய சட்டம். ஒரு தனியார் நிறுவனம் தன் ஊழியர்கள் வேலை நேரத்தில் எதை உடுத்த வேண்டும் என்று சொல்வதை அது நேரடியாகப் பேசவில்லை. எனவே "சட்டமே இருக்கிறது" என்று சொல்லி மேலாளரிடம் வாதாட வேண்டாம்.

அதைவிடப் பயன்படக்கூடிய முன்னுதாரணம் அரசிடமே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு தலைமைச் செயலக ஊழியர்களுக்காக வெளியிட்ட உடை ஆணையில், ஆண்களுக்குச் சட்டை பேன்ட்டோடு வேட்டியும், பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவையும் சொல்லப்பட்டன. கேஷுவல் உடையைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. கவனியுங்கள்: அந்த ஆணையில் வேட்டி இருப்பது ஃபார்மல் பக்கத்தில். கோட்டையில் கோப்புகளைப் பார்க்கப் பொருந்தும் வேட்டி, வெள்ளிக்கிழமை கணினி முன்னால் உட்காரப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. நடைமுறையில் ஒரு யோசனை: சுழல் நாற்காலியின் சக்கரத்தில் கரை சிக்கும், ஆகையால் நாற்காலியை நகர்த்தும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி கைகொடுக்கும். மடித்துக் கட்டுவதை வாகன நிறுத்தத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கைலி வீட்டு உடை; அதை இதில் சேர்க்க முடியாது.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி: என்ன செய்வது?

கார்த்திகை முதல் நாளில் தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் கறுப்பும் நீலமும் காவியும் தெரியத் தொடங்கும். மேல்மருவத்தூருக்குச் சிவப்பும், பழநி பாதயாத்திரைக்குப் பச்சையும் மஞ்சளும் அதேபோலத்தான். விரத நாள்களில் கேஷுவல், ஃபார்மல் என்ற பாகுபாட்டைப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் இங்கே பல ஆண்டுகளாக இருந்துவரும் நல்ல வழக்கம். மேலாளரிடம் மாலை போடும் முன்பே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று சொல்லிவிடுங்கள். அந்த நாள்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர் வருகை இருந்தால், கறுப்பு நிறத்திலேயே சட்டையும் பேன்ட்டும் அணிவதைப் பலர் ஏற்கிறார்கள், விரதத்துக்கும் குறையில்லை.

மேலாளர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். மாலை போட்டவருக்குக் கேள்வியில்லாமல் தரும் அதே இடத்தை, ஹிஜாப் அணியும் பெண்ணுக்கும், தலைப்பாகை கட்டும் சீக்கியருக்கும், சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வருபவருக்கும் கேள்வியில்லாமல் தர வேண்டும். ஒருவருக்கு வழக்கம் என்றும் இன்னொருவருக்கு விலக்கு என்றும் பெயர் வைத்தால், அந்த இரண்டாமவர் ஒவ்வொரு நாளும் அனுமதி கேட்டு உள்ளே வருவதுபோல் உணர்வார்.

எங்கள் அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கும் கேஷுவல் உண்டா?

அலுவலக அறைக்குள் உண்டு; எல்லையைக் காட்டத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி எந்திரப் பகுதிக்குள் போனால் இல்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தைப் பரிசோதிப்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்றும் சொன்னது. துப்பட்டா, வேட்டிக் கரை, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, அவிழ்ந்த கூந்தல், கை வளையல் ஆகிய எதுவும் சுழலும் தண்டில் சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு விநாடி போதும். ஐந்து நிமிட வேலைக்குத்தானே போகிறோம் என்று நினைக்கும் அலுவலகப் பணியாளர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இங்கே விதிக்கு விளக்கம் தேடாதீர்கள், அப்படியே பின்பற்றுங்கள்.

வீடியோ அழைப்பில்?

கேமரா போடும் கூட்டத்தில் காலர் வைத்த சட்டை அல்லது குர்தி. எழுந்து நடக்க நேரிடலாம் என்பதால் கீழேயும் முழு உடை.

நான் திருநங்கை. அலுவலகப் பதிவேட்டில் என் பழைய பெயரும் பாலினமும் இன்னும் மாறவில்லை. சேலையில் வரலாமா?

வரலாம். உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு, ஒருவர் தான் உணரும் பாலினத்தை உடையின் வழியாக வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு தரும் பேச்சு மற்றும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பதிவேடு மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல் என்று உடை விதியைப் பிரிக்காமல், எல்லோருக்கும் ஒரே பட்டியலாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது. அப்படி எழுதும்படி நான் பார்க்கும் ஒவ்வொரு மேலாளரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

எத்தனை உடை வேண்டும்? முதல் சம்பளம் வரும் வரை கையில் அதிகப் பணமில்லை.

இரண்டு பேன்ட், நான்கு சட்டை போதும். பெண்களுக்கு நான்கு குர்தி, இரண்டு கீழாடை. கறுப்பு அல்லது கருநீலப் பேன்ட் எல்லாச் சட்டைக்கும் பொருந்தும். விடுதியில் தங்குபவர்கள், முழுப் பருத்தியைவிடப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியை வாங்கினால், மழைக்காலத்திலும் இரவுக்குள் காய்ந்துவிடும், இஸ்திரியும் லேசாகப் போட்டால் போதும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுமைக்கும் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உடையை வாரத்தில் இரண்டு நாள் அணிவதை யாரும் குறிப்பெடுப்பதில்லை. வியர்வை வாடையைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். "ஆள் பாதி, ஆடை பாதி" என்று சொல்லிக் கடன் வாங்கிப் புதுத்துணி எடுத்துக்கொடுக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கடன் வேண்டாம்.

நான் மேலாளர். என் குழுவுக்கு விதியை எப்படி எழுதுவது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேரி பாரா, மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, பத்துப் பக்க உடை விதியை "பொருத்தமாக உடுத்துங்கள்" என்ற பொருள்படும் இரண்டே சொற்களாகச் சுருக்கினார். மூத்த அதிகாரி ஒருவர், தன் குழுவினர் திடீரென்று அரசு அதிகாரிகளைச் சந்திக்க வேண்டியிருக்கும், ஜீன்ஸில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்க, குழுவோடு பேசிப் பாருங்கள் என்றார் பாரா. குழுவினரே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒரு நல்ல பேன்ட்டை லாக்கரில் வைத்துக்கொள்வது. இந்தக் கதையை மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி சொல்கிறார்கள், எனக்கும் அந்த லாக்கர் பேன்ட் மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்த இரண்டு சொற்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. "பொருத்தம்" எது என்பது முன்பே தெரிந்தவர்களுக்கு அது சுதந்திரம். குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகத்துக்கு வருபவருக்கு அது ஒரு புதிர். அவர் அந்தப் புதிருக்குக் கடன் வாங்கி விடை தேடுவார். ஆகவே சுருக்கமாக எழுதுங்கள், ஆனால் பொருள்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்: டீ-ஷர்ட், ஜீன்ஸ், குர்தி, லெக்கின்ஸ், வேட்டி, சாண்டல் போடலாம்; அரைக்கால் சட்டை, குளியலறைச் செருப்பு, கிழிசல், கட்சி மற்றும் சாதி அடையாளம் கூடாது; வாடிக்கையாளர் வரும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சொல்வோம். தமிழிலும் எழுதுங்கள். விதியை மீறியவரிடம் பேச வேண்டியிருந்தால் தனியாக, அன்றைய வேலை முடிந்த பிறகு, உடையைப் பற்றி மட்டும் பேசுங்கள். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். தாம்பரத்துக்குப் போய் வர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் அவர் அவமானத்தைச் சுமந்துகொண்டே போய் வர வேண்டியிருக்கும்.

இவ்வளவு படித்த பிறகும் என் அலுவலக விதி புரியவில்லை. யாரிடம், எப்படிக் கேட்பது?

வேலைக்குச் சேருவதற்கு இரண்டு நாள் முன்பு, நியமனக் கடிதம் அனுப்பியவருக்கே எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதலாம். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். திங்கட்கிழமை பணியில் சேருகிறேன். அன்று ஜீன்ஸும் காலர் வைத்த சட்டையும் அணிந்து வரலாமா, அல்லது ஃபார்மலாக வர வேண்டுமா? ஷூ கட்டாயமா? தெரிவித்தால் உதவியாக இருக்கும்." எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், எவ்வளவு வேலையிருந்தாலும் அன்று மாலைக்குள் பதில் போட்டுவிடுவேன்.